‘கவனமாக வெடித்தால் போதும்’: ஒரு மறுப்பு

பட்டாசு விபத்து கவனக்குறைவால் மட்டுமே நேர்கிறது. கவனமாக வெடிக்கத் தெரிந்த குடும்பத்துக்கு நேரக் கட்டுப்பாடும் ஒலி வரம்பும் விற்பனை விதிகளும் வீண் தொல்லை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று ஒரு வாளித் தண்ணீரையும் வைத்துக்கொண்டால் எல்லாம் நல்லபடியாக முடியும். ஆண்டுக்கு ஒரு நாள் வரும் பண்டிகையில் அரசும் நீதிமன்றமும் நுழைய வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்து தீபாவளி நெருங்கும்போதெல்லாம் தமிழ்நாட்டின் வீடுகளிலும் கடைத்தெருக்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் ஒலிக்கும் கருத்து இது. அரசு விழிப்புணர்வு விளம்பரங்களும், விதிகளைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டுக் ‘கவனமாக வெடியுங்கள்’ என்றே முடிவதால், இக்கருத்துக்கு அறியாமலேயே வலுச் சேர்க்கின்றன.

இதை நம்புகிறவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். பெரும்பாலான வீடுகளில் பெரும்பாலான ஆண்டுகளில் தீபாவளி காயமின்றியே கழிகிறது. தில்லியின் பனிக்காலப் புகைமூட்டத்தை முன்வைத்துத் தொடங்கிய வழக்கின் தீர்ப்பு, கடற்காற்று வீசும் ஊர்களுக்கும் ஒரே அச்சில் பொருத்தப்படுவதாக எழும் மனக்குறைக்கும் காரணம் உண்டு. சிவகாசி வட்டாரத்தில் இத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்களைப் பற்றிய கவலையும் போலியானதன்று. ஆயினும் இவற்றைக் கொண்டு எட்டப்படும் முடிவு பிழையானது. பாதுகாப்பு என்பதை வெடிப்பவரின் மனத்தில் இருக்கும் ஒரு குணமாக இக்கருத்து கொள்கிறது. தூரம், இடம், நேரம், பொருளின் தரம் ஆகிய நான்கும் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருந்தால்தான் பட்டாசு பாதுகாப்பாகிறது; இந்த நான்கில் பெரும்பகுதியைத் தனியொரு வீட்டின் கவனத்தால் அமைக்க இயலாது என்பதால்தான் சட்டம் வந்தது.

1. அந்தக் கவனத்துக்குக் கிடைக்கும் அவகாசம் எத்தனை நொடி? பற்றவைத்தவர் விலகிச் செல்லக் கிடைக்கும் காலத்தைத் திரியின் நீளமும் தரமும் முடிவு செய்கின்றன. அவருடைய பொறுப்புணர்வுக்கு அதில் பங்கில்லை. திரி என்பது வெடியுப்பும் கந்தகமும் கரித்தூளும் கலந்த கருமருந்தை மெல்லிய காகிதத்தில் வைத்துச் சுருட்டியது. வீட்டு உபயோகப் பட்டாசின் திரி 3 நொடிக்குக் குறையாமலும் 9 நொடிக்கு மிகாமலும் எரிய வேண்டும் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் வரையறுக்கின்றன. மூன்று நொடி முழுதாகக் கிடைத்தாலும், குனிந்திருப்பவர் நிமிர்ந்து, திரும்பி, மழை ஈரம் படிந்த தரையில் வழுக்காமல் நடந்தால் அதற்குள் சில அடிகளே கடக்க முடியும். ‘பழக்கப்பட்டவர்’ என்று பெயர் பெற்றவர்களோ, சீக்கிரம் பிடிக்கட்டும் என்று திரியின் நுனிக் காகிதத்தைக் கிள்ளி, உள்ளிருக்கும் மருந்து வெளியே தெரியும்படி விரித்து, அதன் மேல் ஊதுபத்தியை வைக்கிறார்கள். அனுபவம் இங்கே அவகாசத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைத்துவிடுகிறது.

தூரத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்கீழ் 1999 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட ஒலித்தரம், வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டும் வெடியைத் தயாரிக்கவும் விற்கவும் பயன்படுத்தவும் தடை விதிக்கிறது. டெசிபல் என்பது மடங்குக் கணக்கில் ஏறும் ஒலி அளவு. அதில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும், தூரம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். ஆகவே 4 மீட்டரில் சட்ட வரம்புக்குச் சரியாக உட்பட்ட வெடியே, ஒரு மீட்டரில் நிற்கும் குழந்தையின் காதில் 137 டெசிபலாக, அதாவது பதினாறு மடங்கு ஆற்றலுடன் அறைகிறது. பொருள் சட்டப்படி சரியாக இருந்தும், நிற்கும் இடம் தவறாக இருப்பதால் விளையும் கேடு இது. திருவல்லிக்கேணியின் சந்துகளிலும், மதுரையின் மாசி வீதிகளுக்கு உட்பட்ட குறுந்தெருக்களிலும், நடுத்தெருவில் வெடியை வைத்தால் இருபுறமும் 4 மீட்டர் விடுவதற்குத் தெருவே போதாது. இருபக்கச் சுவர்களும் ஒலியைத் திருப்பி அடிக்கின்றன. எவ்வளவு கவனமான தந்தையாலும் ஒரு சந்தை அகலப்படுத்த முடியாது.

பருவமும் இதில் சேர்ந்துகொள்கிறது. தீபாவளி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதால், பட்டாசு நமுத்துப்போவதும், அதை மொட்டைமாடி வெயிலில் பரப்பிக் காயவைப்பதும், அடுப்பின் ஓரத்தில் வைத்து எடுப்பதும் தமிழ்நாட்டு வீடுகளில் காணப்படும் வழக்கங்கள். நமுத்த திரி பாதியில் அணைந்ததுபோல் தோன்றி உள்ளே கனன்றுகொண்டிருக்கும். வெடிக்கவில்லையே என்று குனிந்து பார்ப்பவரின் முகமே அப்போது மருந்துக்கு மிக அருகில் இருக்கிறது. வெடிக்காததன் அருகில் போகாமல், நேரம் விட்டு, தொலைவிலிருந்து நீர் ஊற்றிக் கைவிடுவதுதான் வழி. காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கைவிடப் பலருக்கும் மனம் வருவதில்லை. மறுநாள் காலையில் தெருவில் கிடக்கும் அவற்றைச் சிறுவர்கள் பொறுக்கி, பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துகிறார்கள். அந்தக் காலை வேளையில் எந்தப் பெரியவரும் பக்கத்தில் நிற்பதில்லை.

2. சிறிய பட்டாசு தீங்கற்றது என்பது எதை வைத்துச் சொல்லப்படுகிறது? சத்தத்தை வைத்து மட்டுமே. அணுகுண்டுக்கு அஞ்சும் வீடுகள் மூன்று வயதுக் குழந்தையின் கையில் கம்பி மத்தாப்பைத் தயங்காமல் கொடுக்கின்றன. அதன் நுனி எரியும்போது வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறுகிறது. அலுமினியப் பாத்திரம் 660 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதோடு இதை ஒப்பிட்டால் குழந்தையின் கையில் என்ன கொடுக்கப்படுகிறது என்பது விளங்கும். எரிந்து முடிந்த கம்பியோ அதைவிட ஏமாற்றக்கூடியது. சிவப்பு மறைந்து சாம்பல் நிறத்துக்குத் திரும்பிய பிறகும் சதையைப் பொசுக்கப் போதுமான சூடு அதில் இருக்கிறது. இருட்டில், தரையின் நிறத்தோடு நிறமாகக் கிடக்கும் அதை வெறுங்காலோடு ஓடிவரும் இன்னொரு குழந்தை மிதிக்கிறது. மத்தாப்பு கொளுத்தும் இடத்தில் மணல் நிரம்பிய பழைய பாத்திரம் ஒன்றை வைத்து, ஒவ்வொரு கம்பியையும் அதில் செருகச் செய்வது, நூறு முறை ‘பார்த்து, பார்த்து’ என்று கத்துவதைவிடப் பயனுள்ள ஏற்பாடு. பண்டிகைக்கு எடுத்த புத்தாடை பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்த துணியாக இருப்பதால், தீப்பொறி பட்டால் அது பற்றி எரிவதோடு உருகித் தோலில் ஒட்டிக்கொள்கிறது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

புஸ்வாணமும் இத்தகையதே. சீறி மேலெழ வேண்டியது சில வேளைகளில் கூடு பிளந்து வெடித்துவிடுகிறது. சத்தம் போடாத வகை என்று நம்பி அதன் நேர் மேலே முகத்தை நீட்டிப் பற்றவைப்பவர்கள், வெடி என்று தெரிந்தால் அப்படி நீட்டமாட்டார்கள். புகை வகையில், பாம்பு மாத்திரைக்கு ஈடு எதுவும் இல்லை: புனேயில் உள்ள மார்புநோய் ஆராய்ச்சி அறக்கட்டளை 2016இல் வெளியிட்ட அளவீடுகளில், நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகளை, ஆயிரம் வாலாவைவிடவும் அதிகமாக உமிழ்ந்தது குழந்தைகள் குனிந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் இந்த மாத்திரைதான். பசுமைப் பட்டாசைப் பற்றியும் இதே வகை மயக்கம் நிலவுகிறது. நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய அவ்வகை, மாசுத் துகளை 30 விழுக்காடு அளவுக்குக் குறைப்பதற்காக மருந்துக் கலவையை மாற்றியது. விரலைச் சுடுவதிலும் கண்ணைத் தாக்குவதிலும் அதற்கும் பழைய வகைக்கும் வேறுபாடு கிடையாது.

வளைகாப்பு, பிறந்தநாள், திருமண வரவேற்பு என்று மண்டபத்துக்குள்ளேயே பூச்சொரியும் ‘குளிர் வாணம்’ இப்போது பரவி வருவதால் ஒன்றைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் 2003 பிப்ரவரியில், இசை நிகழ்ச்சி நடந்த விடுதியின் உள்ளே கொளுத்தப்பட்ட பூவாணத்தின் பொறி, சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றி 100 உயிர்களைக் கொண்டுபோனது. தெர்மோகோல் அலங்காரமும் துணித் திரையும் நிறைந்த ஒரு மண்டபத்தில், அளவான பொறி என்பது யாருடைய உறுதிமொழி?

3. ‘நாங்களும் வெடித்துத்தானே வளர்ந்தோம்’ என்பது சான்றாகாது. இதைச் சொல்லக்கூடிய நிலையில் இருப்பவர்கள் தப்பியவர்கள் மட்டுமே. கண்ணிழந்தவர் அந்தக் கூட்டத்தில் பேசுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1.85 கோடிக் குடும்பங்கள் இருந்தன. ஒரு பேச்சுக்கு, பத்தாயிரம் வீட்டில் ஒரு வீட்டில் மட்டுமே கடும் காயம் நேர்வதாகக் கொண்டால், 9,999 வீடுகள் தம் அனுபவத்தைக் காட்டிப் பட்டாசு பாதுகாப்பானது என்று சத்தியம் செய்யலாம். அதே நாளில் 1,850 குடும்பங்கள் மருத்துவமனை வாசலில் நிற்கும். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு தீபாவளிக்கென்று முன்கூட்டியே படுக்கைகளை ஒதுக்கி வைப்பது இந்தக் கணக்கை அறிந்துதான். வீட்டின் அனுபவத்துக்குத் தெரியாதது மாநிலத்தின் கணக்குக்குத் தெரியும். விதி என்பது அந்தக் கணக்கின் மேல் எழுதப்படுவது.

காயம்பட்ட பிறகு செய்யப்படுவதிலும் இந்த அனுபவ அறிவின் தரம் வெளிப்படுகிறது. பேனா மையும் பற்பசையும் காப்பித்தூளும் இன்றும் தீக்காயத்தின் மேல் அப்பப்படுகின்றன. குழாய் நீரை 20 நிமிடம் ஓடவிட்டுக் காயத்தைக் குளிரவைப்பதும், கண்ணில் அடிபட்டால் கசக்காமலும் எந்த மருந்தும் இடாமலும் அழுத்தாமல் மறைத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் விரைவதுமே செய்யத்தக்கவை.

4. வெடிப்பவரின் கவனம் வெடிக்காதவரை எப்படிக் காக்கும்? எதிர்க் கருத்தின் மிகப் பலவீனமான இடம் இது. பட்டாசால் கண் காயம் பட்டு வருபவர்களில் கணிசமானவர்கள் எதையும் பற்றவைக்காதவர்கள். பால்கனியில் நின்றவர்கள், தெருவில் நடந்தவர்கள், வேடிக்கை பார்த்த குழந்தைகள். பக்கத்து வீட்டு ஆஸ்துமா நோயாளியும், பத்து நாள் குழந்தையும், இரவுப் பணி முடித்துத் தூங்கும் செவிலியரும், கட்டிலின் அடியில் நடுங்கிக் கிடக்கும் நாயும் எந்தக் கவனத்தைக் கைக்கொள்வது?

இவர்களுக்குச் சட்டம் செய்த ஏற்பாடே நேர வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை சத்தமெழுப்பும் பட்டாசு கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் ஆணையிட்டது. அர்ஜுன் கோபால் வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று வெடிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கி, சரவெடியையும் பேரியம் உப்பையும் இணையவழி விற்பனையையும் தடுத்தது. ஒரே வாரத்தில், தமிழ்நாட்டின் வேண்டுகோளை ஏற்று, மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் வேளையை மாநிலமே வகுத்துக்கொள்ளவும் இசைந்தது. அதன்படி வந்ததே காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்னும் ஏற்பாடு. ஆக, விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடிக்கும் தமிழ் வழக்கத்தை நீதிமன்றம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறது. எப்போது சத்தம் வரும் என்று முன்பே தெரிந்தால் நோயாளி மருந்தை எடுத்து வைத்துக்கொள்ளலாம், சன்னலைச் சாத்தலாம், நாயை உள்ளறையில் கட்டலாம். நாள் முழுதும் எந்த நிமிடமும் வெடிக்கலாம் என்னும் நிலையில் இவை எதுவும் இயலாது.

எல்லோரும் ஒரே வேளையில் வெடித்தால் புகை ஒன்றாகத் திரளும் என்ற எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. விடியற்காலையில் தரையை ஒட்டிய குளிர்காற்று மேலெழாமல் புகையைக் கீழேயே பிடித்துவைக்கும் என்பதால் காலை 6 மணி நல்ல தேர்வன்று. வெயில் ஏறிய வேளை ஒன்றுக்கு மாற்றினால் நல்லது. இது வேளையை மாற்றுவதற்கான வாதம். வேளையே வேண்டாம் என்பதற்கு இதைப் பயன்படுத்த முடியாது.

ஆண்டுக்கு ஒரு நாள் என்பதும் உண்மையன்று. காதணி விழா, கோவில் திருவிழா, கட்சித் தலைவர் வரவேற்பு, ஆங்கிலப் புத்தாண்டு, இறுதி ஊர்வலம் என்று வெடிக்கு இங்கே ஆண்டு முழுதும் வேலை இருக்கிறது. தீபாவளிக்கு விதி கிடையாது என்றால் மற்றவற்றுக்கு எந்த முகத்தோடு விதி சொல்வது?

5. எதை வாங்குகிறோம் என்பதைக் கவனத்தால் அறிய முடியாது. ஓலையிலோ காகிதத்திலோ சுற்றிய நாட்டு வெடிக்குள் எவ்வளவு மருந்து, எந்த விகிதத்தில், எந்த இறுக்கத்தில் அடைபட்டிருக்கிறது என்பது அதைச் சுற்றியவருக்கே நிச்சயமாகத் தெரியாது. 2021ஆம் ஆண்டு தீபாவளி நாளன்று, புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்தில், இருசக்கர வாகனத்தில் நாட்டு வெடி மூட்டையை எடுத்துச் சென்ற தந்தையும் முன்னால் அமர்ந்திருந்த ஏழு வயது மகனும் நடுச்சாலையில் அது வெடித்து உயிரிழந்தார்கள். அவர்கள் அப்போது எதையும் பற்றவைக்கவில்லை. ஓட்டிச் சென்ற வண்டியின் சூடும் உராய்வும் போன்ற சாதாரணமானவைகூடப் போதும் என்னும் பொருளிடம் எந்த வகைக் கவனம் செல்லும்? உரிமம் பெற்ற ஆலை, மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல், உரிமம் பெற்ற தற்காலிகக் கடை, உறையில் அச்சிட்ட உற்பத்தியாளர் முகவரி என்று நீளும் சங்கிலி, வாங்குபவரால் பார்க்க முடியாததை அவருக்காகப் பார்த்து வைக்கிறது. செல்பேசிக்கு வரும் ‘80 சதவீதத் தள்ளுபடி’ விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்புபவர் இந்தச் சங்கிலியை அறுத்துக்கொண்டு வெளியேறுகிறார். பணம் திருட்டுப் போனால் அது சிறிய இழப்பு, சரக்கு வந்து சேர்ந்தால் அது பயணிகள் பேருந்தின் பொருள் வைக்கும் அறையில் வந்திருக்கலாம் என்பது பெரிய ஆபத்து. ரயிலில் பட்டாசு கொண்டுசெல்வோருக்கு 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் மூன்றாண்டு வரை சிறை வகுத்திருப்பது ஓடும் பெட்டியில் தப்பிச் செல்ல வழியில்லை என்பதால்தான்.

6. விதிகளால் சிவகாசி வாடும் என்பது பாதி உண்மை. பேரியத் தடையும் சரவெடித் தடையும் ஆலைகளை உலுக்கின; அந்த வலியைச் சிறிதாக்கிப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் எந்த விதியும் கேட்காத வாடிக்கையாளர் சிவகாசித் தொழிலாளிக்கு நண்பர் ஆகிவிடமாட்டார். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 35க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உதவவும் பார்க்கவும் அக்கம்பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அனுமதித்த அளவுக்கு மேல் மருந்தைக் குவிப்பதும், ஓர் அறையில் இருக்க வேண்டியவர்களைவிடப் பல மடங்கு பேரை உட்காரவைப்பதும், உரிமத்தைக் குத்தகைக்கு விட்டுப் பொறுப்பைக் கைமாற்றுவதும், கடைசி நேரத் தேவையையும் குறைந்த விலையையும் துரத்துவதால் வளர்பவை. பில் கேட்காமல் வாங்கப்படும் ஒவ்வொரு பெட்டியும், விதிப்படி இயங்கும் ஆலைக்குக் கிடைக்க வேண்டிய பணத்தை மரத்தடியில் மருந்து இடிக்கும் இடத்துக்கு அனுப்புகிறது.

7. மரபின் பெயரால் சொல்லப்படுவதற்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வந்து தங்கும் பறவைகள் மிரளக்கூடாது என்று பல்லாண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. அவர்களுடைய தீபாவளி தீபாவளி ஆகாமல் போய்விடவில்லை.

இவ்வளவையும் ஏற்பவர்களில் சிலர், அப்படியானால் முழுத் தடையே தீர்வு என்பார்கள். அதுவும் ஏற்கத்தக்கதன்று. சோதிக்கப்பட்ட பொருளைச் சந்தையிலிருந்து அகற்றினால் ஆசை அகலாது. சோதிக்கப்படாத நாட்டு வெடி அந்த இடத்துக்கு வரும். விதிக்கு உட்பட்ட பட்டாசை இடம் கொடுத்துக் காப்பது தடையைவிடக் கடினமான வேலை, ஆனால் செய்யக்கூடிய வேலை.

விதிகளை நடைமுறைப்படுத்த முடியாது என்பது எஞ்சியிருக்கும் வாதம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 288ஆம் பிரிவு, உயிருக்கு ஆபத்து விளையும்படி வெடிபொருளை அலட்சியமாகக் கையாள்பவருக்கு, யாருக்கும் காயம் படாவிட்டாலும், ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஆனால் தெருத் தெருவாக வழக்குப் போடுவதால் மட்டும் எந்தச் சந்தும் அகலமாகாது என்பதால், இடம் கொடுப்பதே முதல் நடவடிக்கையாக இருக்க வேண்டும். பலர் கூடி ஒரே இடத்தில் வெடிக்கும் முறையை ஆராயுமாறு 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பே மாநிலங்களைக் கேட்டிருக்கிறது. தமிழ்நாடு அரசும் ஆண்டுதோறும் அதை அறிவுரையாகச் சொல்கிறது. அறிவுரையாகவே அது நின்றுபோவதுதான் குறை. ஒவ்வொரு வார்டிலும் பள்ளி விளையாட்டுத் திடலோ மாநகராட்சி மைதானமோ குறிக்கப்பட்டு, மருத்துவமனையிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் என்பது உறுதி செய்யப்பட்டு, நடுவில் வெடிக்கும் வட்டமும் அதிலிருந்து போதிய தூரத்தில் பார்வையாளர் கயிறும் கட்டப்பட்டு, மணல் தொட்டியும் தண்ணீர் லாரியும் இரண்டு தீயணைப்பு வீரர்களும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு அங்கே இருந்தால், மறுநாள் விடியுமுன் குப்பையையும் வெடிக்காதவற்றையும் ஒரே இடத்தில் நனைத்து அள்ளிவிடலாம். சென்னை மாநகராட்சி பட்டாசுக் கழிவைத் தனியே சேகரித்துக் கும்மிடிப்பூண்டியின் அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்பிவருவதால், அள்ளியதைக் கொண்டுசேர்க்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. குறிக்கப்பட்ட திடல்களின் பட்டியலைத் தற்காலிகக் கடைகளுக்கு உரிமம் வழங்கும் நாளிலேயே வெளியிட்டு, ஒவ்வொரு கடையின் முகப்பிலும் ஒட்டச் செய்வது மாவட்ட நிர்வாகத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான்.